சீஸ் பைனாப்பிள் குச்சி: ஒரு கண்டனம்

வைகாசி முகூர்த்தங்களில் கடலூரிலோ சிதம்பரத்திலோ ஏதாவது ஒரு மாலை வரவேற்புக்குப் போனவர்கள் அந்தத் தட்டைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புக் கோட்டு மாட்டிய ஒரு பையன் வரிசை வரிசையாக நாற்காலிகளுக்கு நடுவே வந்து, "சார், ஸ்டார்ட்டர்" என்று நீட்டுவான். ஒரு பல்குத்தும் குச்சி. அதில் ஒரு துண்டு அன்னாசி, ஒரு துண்டு மஞ்சள் சீஸ், உச்சியில் பாதிச் செர்ரி. (அந்தச் செர்ரியும் பெரும்பாலும் செர்ரி இல்லை. களாக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றியது.) முன்பெல்லாம் மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள். இப்போது பனீரையோ சீஸையோ குச்சியில் குத்திக் கொடுக்கிறார்கள். வந்தவர்களை உபசரிக்க வேண்டும் என்ற எண்ணம்தானே, அதில் எனக்குக் குறையில்லை.

குறை இதுதான். பாலில் செய்த கட்டியையும் பழத்தையும் சூடாகக் கல்லில் வாட்டி, வாட்டிய கையோடு ஒரு வாய் கொடுத்தால் அது உண்மையிலேயே அருமையான பண்டம். அதைச் சூடு இல்லாமல், நாலு மணி நேரம் முன்பே குத்திவைத்து, அதுவும் எந்தப் பாலிலிருந்து வந்தது என்றே தெரியாத சீஸை வைத்துக் கொடுப்பது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் வேறு கொடுக்கிறோம்.

இதைச் சொன்னதும் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் தலையை ஆட்டி, "அதானே, வெள்ளைக்காரன் தீனி நமக்கு எதுக்கு?" என்பார்கள். அவர்களோடும் நான் இல்லை.

வெள்ளைக்காரன் தீனி என்று எதைத் தள்ளுவது? அன்னாசி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பெயரே போர்த்துகீசியர் வாயிலிருந்து நாம் வாங்கிக்கொண்டது. நம் மாவட்டம் மார்தட்டிக்கொள்ளும் முந்திரி பிரேசில் நாட்டு மரம். அதையும் போர்த்துகீசியர்தான் கப்பலில் கொண்டுவந்தார்கள். அவர்கள் போர்டோ நோவோ என்று பெயர் வைத்த பரங்கிப்பேட்டை, சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். மிளகாயும் அப்படித்தான் வந்தது. முந்திரி போட்ட பொங்கலையும் மிளகாய் போட்ட கொத்சுவையும் பாரம்பரியம் என்று சாப்பிட்டுவிட்டு, சீஸ் என்றதும் மட்டும் முகத்தைச் சுளிப்பது என்ன நியாயம்?

சரி, சீஸ் புதுசு. பாலையும் பழத்தையும் சேர்ப்பதாவது புதுசா? தாலி கட்டி முடிந்ததும் மணமக்களை உட்காரவைத்து முதலில் ஊட்டுவது என்ன? பாலும் பழமும். அந்தப் பெயரில் 1961-இல் சிவாஜி படமே வந்து, நம்மில் பல பேர் தியேட்டரில் உட்கார்ந்து அழுதிருக்கிறோம். பழத்தைச் சர்க்கரையோடும் நெய்யோடும் பிசைந்து கோயிலில் பஞ்சாமிர்தம் என்று கையில் வாங்கிக்கொள்கிறோம். அப்படியிருக்க, பால் கட்டியும் பழமும் ஒரே குச்சியில் வந்தால் மட்டும் ஆசாரம் கெட்டுப்போகுமா?

இன்னொரு கோஷ்டி உண்டு. அவர்கள் வைத்தியம் பேசுவார்கள். பாலும் பலாவும் சேரக்கூடாது, விருத்த ஆகாரம் என்பார்கள். சரக சம்ஹிதையில் பாலோடு சேர்க்கக்கூடாத பழங்கள் என்று ஒரு பட்டியல் இருப்பது வாஸ்தவம். அதில் பலா இருப்பதும் வாஸ்தவம். ஆனால் அதே பட்டியலில் வாழை இருக்கிறது, மாதுளை இருக்கிறது, நெல்லி இருக்கிறது, தேங்காயும் இருக்கிறது. பட்டியலை முழுசாகப் பிடிப்பவர் என்றால் மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கக் கூடாது. பால் பாயசத்தில் தேங்காய்ப் பல்லைக் கீறிப் போடக் கூடாது. ஃப்ரூட் சாலட் ஐஸ்கிரீம் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அப்படி ஒருவர் நம்மிடையே இருந்தால் அவருக்கு என் நமஸ்காரம். அவர் இந்தக் குச்சியை நிச்சயம் தொட வேண்டாம். ஃப்ரூட் சாலட் இரண்டாம் கப் வாங்கும்போது மறந்துவிட்டு, குச்சி வரும்போது மட்டும் சரகரை நினைத்துக்கொள்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஒன்று மட்டும் உண்மை. நம் பக்கத்தில் பாலை வேண்டுமென்றே திரிக்கும் வழக்கம் கிடையாது. "பால் திரிஞ்சு போச்சு" என்றால் அது கெட்ட சகுனம். பொங்கல் அன்றைக்குத் திரிந்தால் கேட்கவே வேண்டாம், அன்று முழுவதும் வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வங்காளத்தில் ரசகுல்லாவுக்கு ஆதாரமான சென்னாவே போர்த்துகீசியர் பழக்கத்தால் வந்தது என்று உணவு வரலாறு எழுதிய கே.டி. அச்சயா சொல்லியிருக்கிறார். அதை மறுப்பவர்களும் உண்டு, அது வங்காளிகள் பாடு. ஆனால் திரிந்த பாலை நம் வீட்டுப் பெண்கள் கீழே கொட்டியதும் இல்லை. வெல்லமோ சர்க்கரையோ போட்டுக் கிளறி, ஏலக்காய் தட்டிப் போட்டு, யாருக்கும் சொல்லாமல் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த மணல் மணலான இனிப்பு ஞாபகம் இருப்பவர்களுக்குப் பனீர் ஒன்றும் அந்நியம் இல்லை.

இனி அந்தக் குச்சிக்கே வருகிறேன்.

இங்கிலாந்தில் 1970-களில் இது விருந்துப் பண்டமாக இருந்தது. சீஸ் துண்டையும் அன்னாசித் துண்டையும் குச்சியில் குத்தி, அந்தக் குச்சிகளை ஒரு உருண்டையில் முள்ளம்பன்றி மாதிரிச் செருகி மேஜை நடுவில் வைப்பார்கள். அதைச் சூடு பண்ண மாட்டார்கள், அப்படியே சாப்பிடுவார்கள். அங்கே அது சரிப்பட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்தியது டின்னில் அடைத்த அன்னாசி. டின்னில் அடைக்கும்போதே அதை நன்றாகச் சூடேற்றிவிடுகிறார்கள். நம் சமையல் காண்ட்ராக்டர்கள் குச்சியையும் சீஸையும் பார்த்துக் காப்பியடித்தார்கள், டின்னைக் கவனிக்கவில்லை. பச்சை அன்னாசியை அரிந்து போடுகிறார்கள்.

பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதிப்பொருள் உண்டு. புரதத்தை அறுப்பதுதான் அதன் தொழில். அன்னாசி அதிகம் சாப்பிட்டால் நாக்கு அறுத்தமாதிரி எரிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. ஆட்டுக்கறி சீக்கிரம் வேகட்டும் என்று பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்கள் இல்லையா, அந்தக் காயில் இருப்பதும் இதே வகையறாதான். பால் கட்டி என்பதும் புரதம்தானே. பச்சை அன்னாசியைப் பனீரோடு ஒட்டவைத்து இரண்டு மணி நேரம் விட்டால், ஒட்டிய பக்கம் கொழகொழவென்று ஆகி லேசாகக் கசப்பு ஏறும். கெட்டியான சீஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பனீர் பிடிக்காது. "என்னவோ கசக்குதே, செர்ரியா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டாரே, செர்ரி இல்லை ஐயா, இதுதான். அன்னாசியைக் கல்லில் இரண்டு நிமிஷம் போட்டுப் புரட்டி, உள்வரை சூடு ஏறவிட்டால் புரோமெலைன் வேலை செய்யாது. நாக்கு எரிச்சலும் குறையும், பழத்தில் இருக்கும் சர்க்கரை ஓரங்களில் கருகி வாசனையும் வரும். இந்தப் பண்டத்துக்குச் சூடு அலங்காரம் இல்லை, அதுதான் பக்குவம்.

அடுத்தது சீஸ். நம் காலத்தில் சீஸ் என்றால் வட்ட டின். டெல்லியிலோ பம்பாயிலோ வேலை பார்த்த உறவுக்காரர் யாராவது கொண்டுவந்தால் உண்டு. கத்தியால் மெல்லிசாகச் சீவி ஆளுக்கு ஒரு துண்டு. "சோப்பு மாதிரி இருக்கே" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒதுக்கிவிட, நாம் அவர்கள் பங்கையும் சேர்த்துத் தின்றோம். அது புராசஸ்டு சீஸ். 1911-இல் ஸ்விட்சர்லாந்தில் தொடங்கியது, 1916-இல் அமெரிக்காவில் கிராஃப்ட் என்பவர் காப்புரிமை வாங்கினார். சீஸை உருக்கி, கொழுப்பும் நீரும் பிரியாமல் இருக்கச் சில உப்புகளைச் சேர்த்து, மறுபடி கட்டியாக்குவது. நாள்பட இருக்கும், கப்பலில் போகும், ராணுவத்துக்கு அனுப்பலாம். அதற்காகக் கண்டுபிடித்தது. ருசிக்காக என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. இருந்தாலும் அது சீஸில் செய்தது, சீஸ் பாலில் செய்தது.

இப்போது மண்டபங்களுக்கு மொத்தமாக வரும் மஞ்சள் கட்டிகளில் இன்னொரு ஜாதி கலந்துவிட்டது. பால் கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாமாயில் மாதிரியான தாவரக் கொழுப்பைப் போட்டது. ஆங்கிலத்தில் அனலாக் என்கிறார்கள், நம் ஊர் பாஷையில் டூப்பு. செய்து விற்பது சட்டப்படி குற்றம் இல்லை, ஆனால் அதைப் பாக்கெட்டில் சொல்லியாக வேண்டும். பாக்கெட்டைப் பார்க்கிறவர் காண்ட்ராக்டர் மட்டும்தானே. குச்சியில் ஏறிய பிறகு லேபிள் எங்கே இருக்கிறது? சூடாக இருக்கும்போது அது எப்படியோ போய்விடும். ஆறினால் அண்ணத்தில் மெழுகு பூசினமாதிரி ஒட்டிக்கொண்டு, காபி குடித்தால்தான் இறங்கும். பனீரிலும் இதே டூப்பு வந்துவிட்டது.

நம்மில் இரத்த அழுத்த மாத்திரை போடாதவர்கள் குறைவு. நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதாவது ஒரு டீஸ்பூன். புராசஸ்டு சீஸில் ருசிக்குப் போட்ட உப்பு போக, கட்டியாகப் பிடித்துவைக்கச் சேர்க்கும் சோடியம் உப்புகளும் இருக்கின்றன. பேச்சு சுவாரசியத்தில் நாலு குச்சியைச் சாப்பிட்டுவிட்டு, அதற்குமேல் இலையில் ஊறுகாயும் அப்பளமும் தொட்டால் கணக்கு எங்கே நிற்கும்? வீட்டில் செய்த பனீரில் நாம் போட்டால்தான் உப்பு.

சைவக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மேல்நாட்டு முறையில் சீஸுக்குப் பாலை உறையவைக்க ரென்னெட் போடுவார்கள். பழைய வழியில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இப்போது நுண்ணுயிரிலிருந்து எடுத்ததும் இருக்கிறது. பச்சைப் புள்ளி போட்ட சீஸ் என்றால் கவலை இல்லை. குச்சியில் புள்ளி இருக்காது. எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்த பனீரில் இந்தப் பிரச்சினையே எழாது.

போன வருஷம் சிதம்பரத்தில் நண்பர் வீட்டு வரவேற்பு. மண்டபத்தின் பெயரும் சமையல்காரர் பெயரும் வேண்டாம். நண்பருக்கு ஒத்தாசையாக நான் மத்தியானமே போயிருந்தேன். மூன்றரை மணிக்குப் பின்கட்டில் நாலு பேர் உட்கார்ந்து குச்சி குத்திக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிகூட இல்லாத இடம், வெளியே வைகாசி வெயில். குத்திய குச்சிகளை அலுமினியத் தாம்பாளங்களில் அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு மூடினார்கள். தட்டு வெளியே வந்தபோது ஏழரை மணி. சமைத்த உணவை அறையின் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்காதே என்பது பொதுவான பாதுகாப்பு விதி. பால் பண்டம் என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். இது நாலு மணி நேரம், அதுவும் நம் ஊர் வைகாசியில். இளவட்டங்களுக்கு ஒன்றும் ஆகாது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு மறுநாள் காலை என்ன ஆகும் என்று அந்தக் கோட்டுப் போட்ட பையன் யோசிக்க வேண்டாம். பில் போட்டவர் யோசிக்க வேண்டும்.

பில்லைப் பிறகு நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். அந்த ஒரு ஐட்டத்துக்குத் தலைக்கு 35 ரூபாய், 500 பேர், ஆக 17,500 ரூபாய். நான் கணக்குப் போட்டேன். தலைக்கு இரண்டு குச்சி, 1000 குச்சி. குச்சிக்கு 10 கிராம் பனீர் என்றால் 10 கிலோ. கிலோ 400 ரூபாய் என்று நல்ல பனீராகவே வைத்துக்கொண்டாலும் 4,000. அன்னாசி 30 பழம், பழம் 60 ரூபாய் என்றால் 1,800. குச்சி, மிளகு, எலுமிச்சை, கேஸ் என்று 700 போடுங்கள். 6,500 ஆயிற்று. ஒரு மாஸ்டரையும் ஒரு உதவியாளையும் அன்று மாலைக்கு வைத்துக்கொண்டாலும் பாதிப் பணத்துக்குமேல் மிச்சம். நண்பரிடம் சொன்னதற்கு, "பேக்கேஜ்னு வந்தது, என்ன செய்யறது?" என்றார். பேக்கேஜ் என்ற வார்த்தைக்கு நம்மவர்கள் காட்டும் பயபக்தியைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வாழைத்தாருக்கும் தேங்காய்க்கும் காய்காய் பேரம் பேசுகிற கை, பேக்கேஜ் என்றதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

வீட்டில் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மாலையில் திடீரென்று நாலு பேர் வந்தால் பத்து நிமிஷத்தில் ஆகிவிடும்.

200 கிராம் பனீர் பாக்கெட் ஒன்று. லேபிளில் பால் என்று மட்டும் இருக்கிறதா, தாவர எண்ணெய் என்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது விதி, அதனால் முதல் இரண்டு மூன்று பெயரைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். நேரம் இருந்தால் வீட்டிலேயே திரிக்கலாம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதக் கொழுப்புள்ள பால், ஒரு லிட்டர். பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டு, ஒரு பெரிய எலுமிச்சம்பழச் சாற்றை அதே அளவு தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். தண்ணீர் பச்சையாகத் தெளிந்து பிரிந்தால் நிறுத்திவிடலாம். மேலும் ஊற்றினால் புளிக்கும். மல்லுத்துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, முடிச்சுப் போட்டு, மேலே அம்மிக்குழவியோ தண்ணீர் நிரப்பிய குக்கரோ அரை மணி நேரம் வைத்தால் துண்டு போடும் பதம் வந்துவிடும். 150 கிராமிலிருந்து 200 வரை தேறும். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்துக்கும் ஊற்றலாம்.

கடைப் பனீர் ஃப்ரிட்ஜில் இருந்து விறைத்திருந்தால், உப்புப் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிஷம். பிறகு துணியில் ஒற்றி எடுத்து, விரல் நுனி அளவில் பதினாறு இருபது துண்டுகள். தோசைக்கல்லைக் காயவைத்து, அரை டீஸ்பூன் நெய் தடவுங்கள். முதலில் பழத்துண்டுகள். ஒரு பக்கம் ஒன்றரை நிமிஷம், திருப்பிப்போட்டு இன்னொரு ஒன்றரை. ஓரம் பழுப்பானதும் ஒதுக்கிவிட்டு அதே கல்லில் பனீர். ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிஷத்துக்குமேல் வேண்டாம், அதிகம் போனால் ரப்பராகும். பனீர் உருகாது, அதுதான் இதில் சௌகரியம். மேல்நாட்டு சீஸில் பெரும்பாலானவை கல்லில் பட்டதும் வழிந்துவிடும். சைப்ரஸ் தீவில் ஹலூமி என்று ஒன்று உருகாமல் நிற்கும், அவர்கள் அதை வெயில் காலத்தில் தர்பூசணியோடு சாப்பிடுகிறார்கள். நமக்கு அந்த இடத்தில் பனீர். ஒரு பழம், ஒரு பனீர் என்று குச்சியில் குத்தி, கரகரப்பாகப் பொடித்த மிளகு, நாலு சொட்டு எலுமிச்சை, வறுத்து உடைத்த முந்திரி தூவி உடனே கொடுத்துவிடுங்கள். உடனே என்றால் உடனே. "சாமி கும்பிட்டுட்டு வரேன்" என்பவருக்கு அவர் வந்த பிறகு வாட்டிக்கொள்ளலாம். கட்டுப்பல் உள்ளவர்களுக்குக் குச்சி வேண்டாம், சின்னக் கிண்ணத்தில் கரண்டி போட்டுக் கொடுங்கள்.

புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள் ஆரோவில்லில் செய்யும் சீஸ் வாங்கி வரலாம். நல்ல பால் சீஸ், தரமானது. ஆனால் அது ரொட்டியோடு தின்ன வேண்டியது, 500 பேர் பந்திக்குக் கட்டாது.

பழம் எது என்பதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. கடலூரிலிருந்து பண்ருட்டி 25 கிலோமீட்டர். சித்திரையிலிருந்து ஆனி வரை அந்தச் சாலைகளில் பலாப்பழம் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. லாரி லாரியாக வெளியூர் போகிறது. அந்த வாசனை பஸ் ஜன்னல் வழியாக ஏறி வந்து நம் மடியில் உட்கார்ந்துகொள்கிறது. அதே மாதங்களில்தான் நம் முகூர்த்தங்களும். அப்படியிருந்தும் நம் வரவேற்புத் தட்டில் எங்கிருந்தோ வந்த அன்னாசி! பண்ருட்டிப் பலாவுக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் படித்துச் சந்தோஷப்பட்டோம், வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். கல்யாண மெனுவில் எத்தனை பேர் போட்டோம்?

2011 டிசம்பர் 30 விடியற்காலையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறி, பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. தாத்தா காலத்து மரம், தெருவுக்கே நிழல் கொடுத்த மரம், எல்லாம் ஒரே காலையில். பலாக் கன்று நட்டால் காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அந்த ஜனங்கள் மறுபடி நட்டு, தண்ணீர் ஊற்றி, காத்திருந்து, பழம் கொண்டுவந்து சாலையோரம் வைத்திருக்கிறார்கள். விலை இல்லாத நாளில் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள், மீதி அழுகுகிறது. நம் வீட்டு விசேஷத்துக்கு 20 பழம் எடுத்தால் அந்தக் குடும்பத்துக்கு அன்றைய பொழுது போகும். நமக்கும் ருசியான பண்டம்.

வருக்கைப் பலாவாகப் பாருங்கள், சுளை கெட்டியாக இருக்கும். குழைந்த பழம் கல்லில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். முக்கால் பழுப்பு போதும். சுளையை நீளவாக்கில் இரண்டாகக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, உள்பக்கம் கல்லில் படும்படி போட்டால் இரண்டு நிமிஷத்தில் பொன்னிறமாக வரும். அதன் குழிவில் பனீர்த் துண்டு தானாகவே உட்காரும், ஒரு குச்சி போதும். மிளகும் முந்திரியும் இதற்கு அன்னாசியைவிடப் பொருத்தம். முந்திரியும் அதே பண்ருட்டி மண்ணிலிருந்து. சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், ஸ்டார்ட்டர் என்றால் ஒன்றுதான் கணக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பலாவை டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடுங்கள், அதில் பொட்டாசியம் உண்டு.

பலாவுக்குப் பிசின் இருக்கிறது, யார் அரிவது என்று காண்ட்ராக்டர் முனகுவார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அரியும் பெண்கள் பண்ருட்டியில் இல்லையா, சுளையாகவே எடையில் வாங்கிக்கொள்ளலாமே? 500 பேருக்குச் சூடாக எப்படிப் போடுவது என்று அடுத்த கேள்வி வரும். அதே வரவேற்பில் அதே 500 பேருக்கு அதே காண்ட்ராக்டர் ஓர் ஓரமாகத் தோசைக்கல் போட்டு, மினி ஊத்தப்பமும் பொடி தோசையும் சுடச்சுட வார்த்துக் கொடுக்கிறாரே. அங்கே ஜனங்கள் தட்டோடு வரிசையில் நிற்கவில்லையா? அந்த வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு கல் போட இடம் இல்லாத மண்டபம் கடலூரிலும் கிடையாது, சிதம்பரத்திலும் கிடையாது.

அடுத்த ஆவணியில் விசேஷம் வைத்திருப்பவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அதற்குள் பலா முடிந்திருக்கும். கவலை வேண்டாம், கொய்யாவில் செய்யலாம். காயும் இல்லாமல் கனியும் இல்லாமல் செங்காயாக எடுத்து, விதை இருக்கும் நடுப்பகுதியைத் தோண்டி எறிந்துவிட்டு, தோலோடு துண்டு போட்டு வாட்ட வேண்டும். மிளகோடு ஒரு சிட்டிகை மிளகாய்த் தூளும் தூவுங்கள். காண்ட்ராக்டரிடம் பேசும்போது பனீரின் பாக்கெட்டை முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள், ஆர்டர் தாளில் "கல்லில் வாட்டி, சூடாக" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.